போட் டீசல் இன்ஜின் கூலிங்: பனிக்காலத்துக்கு மூடி வைக்கும்போதும் திரும்ப எடுக்கும்போதும் வர்ற சிக்கல்கள், அறிகுறி வாரியா

பாய்மர போட்டுக்குள்ள இருக்கிற டீசல் இன்ஜினை பனிக்காலத்துக்கு மூடி வைக்கும்போது நிறைய பேர் பார்க்குறது ஒண்ணே ஒண்ணுதான், பின்னாடி எக்ஸாஸ்ட்ல ரோஸ் கலர் வந்துச்சா இல்லையான்னு, வந்துட்டா வேலை முடிஞ்சுதுன்னு இன்ஜினை ஆஃப் பண்ணிட்டு கிளம்பிடுவாங்க. ரோஸ் கலர் வந்தா ஆன்டிஃப்ரீஸ் (தண்ணி உறையாம காக்க, இன்ஜினை ஓட்டி கடல் தண்ணி போற வழியில இழுக்க வைக்கிற ரோஸ் திரவம்) அந்த வழியா போயிருக்குன்னு மட்டும்தான் அர்த்தம். வழியில ஒதுங்கி நிக்கிற தண்ணி எல்லாம் வெளிய போயிடுச்சான்னு அது சொல்லாது. தண்ணி உறையும்போது சுமாரா 9 சதவீதம் பெருசாகும், விரிய இடம் இல்லாத மூலையில மாட்டியிருந்தா வார்ப்பிரும்பு பிளாக்கையே பிளந்துடும். அதனால கீழ எந்த அறிகுறிய படிச்சாலும் ஒரே கேள்விய மனசுல வச்சுக்கோங்க: தண்ணி எங்க நிக்குது?

முதல்ல உங்க இன்ஜின் எந்த ரகம்னு தெரியணும், ஏன்னா பாதி குழப்பம் இதுலதான் வருது. ஒரு ரகத்துல கடல் தண்ணியே நேரா பிளாக்குக்குள்ள போய் சுத்திட்டு வெளிய வரும். இன்னொரு ரகத்துல பிளாக்குக்குள்ள கூலண்ட் மட்டும் சுத்தும், கடல் தண்ணி ஹீட் எக்ஸ்சேஞ்சர் வரைக்கும்தான் வந்து அந்த கூலண்ட்டோட சூட்டை வாங்கிட்டு போயிடும். யான்மார் 2ஜிஎம்20 முதல் ரகம், அதே இன்ஜின் பேருக்குப் பின்னாடி எஃப் சேர்ந்து 2ஜிஎம்20எஃப்னு இருந்தா ரெண்டாவது ரகம். ரேடியேட்டர் மூடி மாதிரி பிரஷர் மூடி இன்ஜின் மேல இருந்தா ரெண்டாவது ரகம்னு பெரும்பாலும் எடுத்துக்கலாம்.

கடல் தண்ணி போற வழிய ஒரு தடவை கையால தொட்டுட்டே பார்த்துடுங்க, பேப்பர்ல படம் போட்டு வச்சுக்கிட்டா இன்னும் நல்லது. சீகாக் (போட் அடியில கடல் தண்ணிய உள்ள விடுற வால்வ்), அப்புறம் ஸ்ட்ரெய்னர் (குப்பைய பிடிக்கிற வடிகட்டி), அப்புறம் இம்பெல்லர் (தண்ணிய தள்ளுற ரப்பர் பிளேடு சக்கரம்) இருக்கிற பம்ப், சில இன்ஜின்ல கியர்பாக்ஸ் ஆயில் கூலர், அப்புறம் ஹீட் எக்ஸ்சேஞ்சர் (முதல் ரகம்னா பிளாக்), அப்புறம் மேல வளைஞ்சு போற வென்டட் லூப் (இன்ஜின் நின்ன பிறகு கடல் தண்ணி தானா உறிஞ்சி உள்ள வராம தடுக்கிறது), மிக்சிங் எல்போ, அங்க எக்ஸாஸ்ட் புகையோட கலந்து மஃப்ளருக்குள்ள (எக்ஸாஸ்ட் சத்தத்தை குறைக்கிற பெட்டி) விழுந்து, புகையோட அழுத்தத்துல மேல தள்ளப்பட்டு பின்பக்கமா வெளிய போகுது. இதுல எங்கெல்லாம் பள்ளமா இருக்கோ அங்கெல்லாம் தண்ணி நிக்கும். ஸ்ட்ரெய்னர் கிண்ணம், பம்ப்போட அடிப்பக்கம், எக்ஸ்சேஞ்சரோட கீழ் மூலை, மஃப்ளர், தொங்கலா விட்ட ஹோஸ், இது அஞ்சும்தான் வழக்கமான ஆளுங்க.

வேலைய எந்த வரிசையில செய்றோம்ங்கிறதுலயும் ஒரு விஷயம் இருக்கு. டீசல் ஃபில்டர் மாத்துறது, ஆயில் மாத்துறது எல்லாத்தையும் முதல்லயே முடிச்சுட்டு, இன்ஜின் ஒழுங்கா ஓடுதான்னு பார்த்துட்டு, கடைசியாதான் ஆன்டிஃப்ரீஸ் இழுக்க வைக்கணும். ஃபில்டர் மாத்தினதும் டீசல் லைன்ல காத்து ஏறி இன்ஜின் ஸ்டார்ட் ஆகாம நிக்கிறது சகஜம், அந்த நேரத்துல செல்ஃப்பை அடிச்சுக்கிட்டே இருந்தா என்ன ஆகும்னு கீழ தனியா சொல்லியிருக்கேன், அதுதான் இந்த மொத்த வேலையிலயும் அதிக செலவு வைக்கிற தப்பு.

வாளியில ஆன்டிஃப்ரீஸ் அப்படியே நிக்குது, பம்ப் இழுக்கவே மாட்டேங்குது

இன்ஜின் ஓடுது, ஹோஸை வாளிக்குள்ள விட்டாச்சு, மட்டம் குறையல. உடனே இன்ஜினை நிறுத்துங்க, ரப்பர் இம்பெல்லர் காய்ஞ்சு ஓடினா ஒரு நிமிஷத்துக்குள்ளயே சூடாகி கிழிய ஆரம்பிச்சுடும், இழுத்துடும் இழுத்துடும்னு காத்திருக்கவே கூடாது.

பெரும்பாலும் காரணம் காத்து. ஸ்ட்ரெய்னர் மூடிய திறந்து கழுவிட்டு மூடும்போது ஓ-ரிங் ஒரு இடத்துல மடங்கியிருக்கும், இல்ல ஒரு மண் துகள் உக்காந்திருக்கும், பம்ப்புக்கு தண்ணிய விட காத்த இழுக்கறது சுலபம், அது காத்தைத்தான் இழுக்கும். மூடிய கழட்டி ஓ-ரிங்கை துடைச்சு, ஸ்ட்ரெய்னரை விளிம்பு வரைக்கும் ஆன்டிஃப்ரீஸாலயே நிரப்பி மூடுங்க, ஹோஸும் நிறைஞ்சு இருக்கும், பம்ப் உடனே பிடிச்சுக்கும். வாளிய பம்ப்போட மட்டத்துக்கோ அதுக்கு மேலயோ தூக்கி வச்சா இன்னும் சுலபம்.

அப்பவும் இழுக்கலைன்னா சீகாக் மூடியிருக்கான்னு பாருங்க. ஸ்ட்ரெய்னர் வழியா ஊத்துற முறையில சீகாக் திறந்தே இருந்தா, போட் தண்ணியில இருந்தா பம்ப் கடல் தண்ணியத்தான் இழுத்துட்டு இருக்கும், போட் தரையில இருந்தா நீங்க ஊத்துறது எல்லாம் கீழ ஓட்டை வழியா தரைக்கு போகும். அதுவும் சரியா இருந்தா பம்ப் மூடிய கழட்டுங்க. மூடியோட உள்பக்கத்துல இம்பெல்லர் தேய்ச்சு வட்டமா பள்ளம் விழுந்திருந்தா, விரல் நகத்தை ஓட்டினா மாட்டுற அளவுக்கு இருந்தா, அந்த இடைவெளி வழியா உறிஞ்சுற சக்தி போயிடும். சில பம்ப்ல மூடிய திருப்பிப் போட்டு இன்னொரு சீசன் ஓட்டலாம், வெளிப்பக்கம் எழுத்து இல்லாம சமமா இருந்தாத்தான்.

தோட்டத்து குழாய் ஹோஸை நேரா பம்ப்போட இன்லெட்ல மாட்டி இன்ஜினை கழுவுறது பலரும் செய்ற குறுக்கு வழி. இன்ஜின் ஓடாத நேரத்துல அந்த அழுத்தத்துல தண்ணி பம்ப்பைத் தாண்டிப் போய் மஃப்ளரை நிரப்பி எக்ஸாஸ்ட் வழியா சிலிண்டருக்கே ஏறிடலாம். வாளிதான் பாதுகாப்பு, குழாய் தண்ணிய வாளிக்கு விடுங்க, இன்ஜின் வாளியில இருந்து தானா எடுத்துக்கட்டும்.

எக்ஸாஸ்ட்ல ரோஸ் வருது, ஆனா வெளிறிப்போய் வருது

வெளிறி இருந்தா உள்ள இருந்த தண்ணியோட கலந்துக்கிட்டு வருதுன்னு அர்த்தம். இங்க டப்பா மேல போட்டிருக்கிற நம்பரை ஒழுங்கா புரிஞ்சுக்கணும். மைனஸ் 50 ஃபாரன்ஹீட்னு (அதாவது மைனஸ் 45 செல்சியஸ் கிட்ட) எழுதியிருக்கிற சாதாரண ரோஸ் ஆன்டிஃப்ரீஸ் அந்த குளிர் வரைக்கும் திரவமாவே இருக்கும்னு நினைச்சுடாதீங்க, அது பைப் வெடிக்காம காப்பாத்துற அளவு. கட்டியும் தண்ணியுமா கூழ் மாதிரி ஆக ஆரம்பிக்கிறது மைனஸ் 10 செல்சியஸை ஒட்டியே நடக்கும், ஆனா கூழா இருக்கிற வரைக்கும் பைப்பை பிளக்காது. இது நேரா ஊத்துறதுக்குன்னே கலந்து வர்ற சரக்கு, இதுல மேற்கொண்டு பாதிக்குப் பாதி தண்ணி சேர்ந்துட்டா காப்பு கிட்டத்தட்ட போயிடும். இன்ஜினுக்குள்ள தங்கியிருந்த ரெண்டு லிட்டர் தண்ணி செய்றது இதைத்தான்.

அதனால முதல்ல தண்ணிய வடிச்சுட்டு அப்புறம் ஆன்டிஃப்ரீஸ் விடுங்க. ஸ்ட்ரெய்னர் கிண்ணத்தோட டிரெய்ன் (தண்ணி வடிக்கிற ஓட்டை), எக்ஸ்சேஞ்சர்ல டிரெய்ன் இருந்தா அது, மஃப்ளர் டிரெய்ன், இது மூணையும் திறந்து வடிய விட்டு மூடிட்டு ஆரம்பிச்சா அதே அளவு ஆன்டிஃப்ரீஸ்ல வெளிய வர்றது டப்பாவுல இருக்கிற கலருக்கே வந்துடும். ரெண்டு மூணு சிலிண்டர் இன்ஜினுக்கு 10ல இருந்து 15 லிட்டர் வரைக்கும் கையில வச்சுக்கோங்க, பம்ப் ஐடில்லயே வாளிய மளமளன்னு காலி பண்ணிடும், ஒருத்தர் ஊத்த ஒருத்தர் ஸ்டாப் பட்டன்ல கை வச்சு நிக்கிறதுதான் சரி.

கலரை நம்பாம அளந்து பாருங்க. பின்பக்கம் வர்றதை ஒரு பாட்டில்ல கடைசி நிமிஷத்துல பிடிச்சு ரிஃப்ராக்டோமீட்டர்ல ஒரு சொட்டு விட்டுப் பார்த்தா உறையற புள்ளி தெரிஞ்சுடும். அதுல எத்திலீன் கிளைக்காலுக்கு ஒரு ஸ்கேல், புரோபிலீன் கிளைக்காலுக்கு ஒரு ஸ்கேல் இருக்கும் (ஆன்டிஃப்ரீஸ்ல இருக்கிற ரெண்டு வகை ரசாயனம்), மாத்திப் படிச்சா தப்பான தைரியம் வந்துடும். டப்பாவுல ஆல்கஹால் கலந்ததுன்னு போட்டிருந்தா இந்த மீட்டர் காட்டுறது சரியா இருக்காது, அந்த வகை ரப்பரையும் காயவைக்கும், தீப்பிடிக்கக் கூடியதும் கூட, இன்ஜினுக்கு சுத்தமான புரோபிலீன் கிளைக்கால் வகையையே வாங்குங்க. கடல் தண்ணி பக்கத்துல எத்திலீன் கிளைக்கால் ஊத்தவே ஊத்தாதீங்க, அது விஷம், இனிப்பா இருக்கிறதால நாய் பூனை நக்கிடும், பின்பக்கம் வெளிய போறது நேரா தண்ணிக்குத்தான் போகுது. புரோபிலீனா இருந்தாலும் முடிஞ்ச வரைக்கும் வாளியில பிடிச்சுடுங்க.

ரோஸ் அடர்த்தியா வந்துச்சு, ஆனா இன்ஜின் ஜில்லுன்னு இருக்கும்போதே வந்துச்சு

கடல் தண்ணி பிளாக்குக்குள்ள போற ரகம் வச்சிருக்கிறவங்க இதைத்தான் ரொம்ப கவனமா படிக்கணும். இன்ஜின் குளிரா இருக்கும்போது தெர்மோஸ்டாட் (சூட்டைப் பொறுத்து தானா திறந்து மூடுற வால்வ்) மூடியிருக்கும், பம்ப் அனுப்புறதுல பெரும்பகுதி பைபாஸ் வழியா நேரா எல்போவுக்குப் போயிடும், பிளாக்குக்குள்ள இருக்கிற கடல் தண்ணி அசையாம அப்படியே நிக்கும். பின்னாடி பார்த்தா அழகா ரோஸ் வருது, உள்ள பிளாக் முழுக்க உப்புத்தண்ணி. வசந்த காலத்துல பிளந்து கிடக்கிற பிளாக்ல பல கேஸ் இப்படி நடந்ததுதான், செஞ்சவங்க முறைப்படி எல்லாம் செஞ்சதாத்தான் நினைச்சிருப்பாங்க.

இதுக்கு ரெண்டு வழி. ஒண்ணு, முதல்ல வாளியில நல்ல தண்ணி விட்டு இன்ஜினை சூடு ஏற ஓட்டணும், கொஞ்சம் லோடு கொடுத்தா சீக்கிரம் ஏறும், தெர்மோஸ்டாட் ஹவுசிங்கைத் தாண்டி இருக்கிற ஹோஸ்ல கை வச்சுப் பார்த்தா திறந்ததும் சூடு தெரியும், அந்த நேரத்துல இன்ஜினை நிறுத்தாம வாளிய மாத்தணும். இந்த ரக இன்ஜின்ல தெர்மோஸ்டாட் கம்மி சூட்டுலயே, 50 டிகிரி செல்சியஸை ஒட்டி திறக்கிற மாதிரி வச்சிருப்பாங்க, அதுக்கு மேல போனா உப்பு உள்ள படிய ஆரம்பிக்கும்ங்கிறதால. இதுல தொல்லை என்னன்னா குளிர்ந்த ஆன்டிஃப்ரீஸ் உள்ள போனதும் தெர்மோஸ்டாட் திரும்ப மூடிக்கப் பார்க்கும்.

அதனால எனக்குப் பிடிச்சது ரெண்டாவது வழி. பிளாக் டிரெய்ன், எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் டிரெய்ன் எல்லாம் திறந்து முழுசா வடிச்சுட்டு, தெர்மோஸ்டாட்டை கழட்டி வெளிய எடுத்துட்டு, ஹவுசிங்கை புது கேஸ்கெட் போட்டு மூடி, அப்புறம் டிரெய்னை அடைச்சுட்டு ஆன்டிஃப்ரீஸ் இழுக்க விடறது. அரை மணி நேரம் கூட வேலை, ஆனா பிளாக்குக்குள்ள போகுதா போகலையாங்கிற சந்தேகமே இருக்காது. கழட்டின தெர்மோஸ்டாட்டை வெந்நீர் பாத்திரத்துல போட்டு திறக்குதான்னும் பார்த்துடலாம், ரெண்டு வேலையும் ஒண்ணா முடியும்.

டிரெய்னை திறந்தேன், ஒண்ணுமே வரல

வரலைன்னா காலியா இருக்குன்னு சந்தோஷப்படாதீங்க, அடைச்சிருக்குன்னு எடுத்துக்கோங்க. பிளாக்கோட அடியில துரு, உப்பு, மண் எல்லாம் சேறு மாதிரி வந்து உக்காரும், டிரெய்ன் ஓட்டை அதுலதான் இருக்கு. டிரெய்ன் காக்கை முழுசா கழட்டி எடுத்துட்டு ஒரு கெட்டிக் கம்பிய உள்ள விட்டு கிளறுங்க. முதல்ல கறுப்பா ரெண்டு சொட்டு வரும், அப்புறம் கொஞ்சம் சேறு விழும், ஒரு இடத்துல கம்பி பொசுக்குன்னு உள்ள போகும், உடனே பழுப்பா தண்ணி கொட்ட ஆரம்பிக்கும். அது கொட்டி முடியுற வரைக்கும் கம்பிய நடுநடுவுல விட்டு ஆட்டிக்கிட்டே இருக்கணும், பாதியில திரும்ப அடைச்சுக்கும். வடிஞ்ச அளவை ஒரு பாத்திரத்துல பிடிச்சு பாருங்க, மேனுவல்ல சொன்ன கொள்ளளவுக்கு பக்கத்துல கூட வரலைன்னா இன்னும் எங்கயோ நிக்குது.

பழைய பித்தளை காக்கை முறுக்கி உடைச்சுடாதீங்க, முந்தின நாள் ராத்திரி துரு இளக்குற ஆயில் தெளிச்சு விட்டு மறுநாள் சரியான ஸ்பானர் போட்டு மெதுவா அசைச்சு அசைச்சு எடுங்க.

இன்ஜின் ஸ்டார்ட் ஆகாம செல்ஃப் சுத்திக்கிட்டே இருந்துச்சு, திடீர்னு டக்குன்னு நின்னுடுச்சு

செல்ஃப் பட்டன்ல இருந்து கைய எடுங்க. திரும்ப ஒரு தடவை கூட அழுத்தாதீங்க.

இன்ஜின் ஓடாம சுத்தும்போதும் பம்ப் தண்ணிய இழுத்து எல்போ வழியா மஃப்ளருக்கு அனுப்பிக்கிட்டேதான் இருக்கும், ஆனா மஃப்ளர்ல இருந்து அதை வெளிய தள்ளுறதுக்கு எக்ஸாஸ்ட் புகையோட அழுத்தம் இல்ல. மஃப்ளர் நிறைஞ்சதும் தண்ணி திரும்பி எல்போவுக்கு ஏறி, திறந்திருக்கிற எக்ஸாஸ்ட் வால்வ் வழியா சிலிண்டருக்குள்ள இறங்கும். தண்ணிய அமுக்க முடியாது, பிஸ்டன் மேல வரும்போது முட்டி நிக்கும், அதுக்கு மேலயும் செல்ஃப் அடிச்சா கனெக்டிங் ராட் வளையலாம். ஃபில்டர் மாத்தின அன்னிக்கு இது நடக்கிற வாய்ப்பு அதிகம், அதான் வேலை வரிசைய மேலயே சொன்னேன்.

இப்படி ஆயிடுச்சுன்னா சீகாக்கை மூடிட்டு மஃப்ளரை வடிங்க. டிகம்ப்ரஷன் லீவர் (சிலிண்டர் அழுத்தத்தை விடுவிக்கிறது) இருக்கிற இன்ஜின்னா லீவரை தூக்கிட்டு கையால சுத்திப் பாருங்க, இல்லாத இன்ஜின்ல இன்ஜெக்டரையோ குளோ பிளக்கையோ கழட்டிட்டு சுத்தினா தண்ணி அந்த ஓட்டை வழியா பீய்ச்சும், முகத்தை தள்ளி வச்சுக்கோங்க. ஆயில் டிப்ஸ்டிக்கை பாருங்க, பால் விட்ட மாதிரி வெளுத்திருந்தா ஆயிலையும் ஃபில்டரையும் மாத்திட்டு ஓட்டி திரும்ப மாத்தணும், தெளிவா வர்ற வரைக்கும். முக்கியமானது, தண்ணி எடுத்த அன்னிக்கே இன்ஜினை ஓட்டி சூடாக்கிடணும், உப்புத்தண்ணி பட்ட சிலிண்டரை நாளைக்கு பார்த்துக்கலாம்னு விட்டா துரு பிடிச்சு ரிங் ஒட்டிக்கும்.

வராம பார்த்துக்கறது ரொம்ப சுலபம்: ஸ்டார்ட் ஆக அடம் பிடிக்கிற இன்ஜின்ல சீகாக்கை மூடிட்டுத்தான் செல்ஃப் அடிக்கணும், பிடிச்சதும் உடனே திறந்துடணும்.

இம்பெல்லரை வெளிய எடுத்தேன், பிளேடு குறையுது

பனிக்காலத்துக்கு இம்பெல்லரை கழட்டி வைக்கிறது நல்ல பழக்கம், ஆன்டிஃப்ரீஸ் இழுத்து முடிச்சதுக்கு அப்புறம் எடுத்துடலாம். மாசக்கணக்கா ஒரே இடத்துல வளைஞ்சு இருந்தா பிளேடு அப்படியே படிஞ்சு போயிடும். எடுக்கும்போது ஒவ்வொரு பிளேடோட அடிப்பக்கத்தையும் விரல்ல மடக்கிப் பாருங்க, நேரா பார்த்தா தெரியாத வெடிப்பு மடக்கும்போது வாய் திறக்கும்.

ஒரு பிளேடு இல்லைன்னா அது எங்கயோ போயிருக்கு. தண்ணியோட ஓட்டத்துல போய் அடுத்த குறுகலான இடத்துல நிக்கும், பெரும்பாலும் எக்ஸ்சேஞ்சருக்கு போற ஹோஸோட வளைவுலயோ, எக்ஸ்சேஞ்சரோட முன் மூடிக்குள்ள குழாய்களோட வாய் மேலயோ ஒட்டிக்கிட்டு இருக்கும். அந்த மூடிய திறந்தா கறுப்பு ரப்பர் துண்டு, முந்தின வருஷத்து துண்டு, பென்சில் ஜிங்க்ல (எக்ஸ்சேஞ்சர் அரிக்காம காக்க தான் கரையற துத்தநாகக் கம்பி) இருந்து உடைஞ்ச கட்டி எல்லாம் ஒண்ணா கிடக்கும். எல்லாத்தையும் எடுத்து பக்கத்துல வச்சு பழைய இம்பெல்லரோட சேர்த்து பார்த்து, பிளேடு கணக்கு முழுசா வர்ற வரைக்கும் தேடுங்க. ஜிங்க் பாதிக்கு மேல கரைஞ்சிருந்தா மாத்திடுங்க, எல்லா இன்ஜின்லயும் எக்ஸ்சேஞ்சர் ஜிங்க் கிடையாது, மேனுவல் பாருங்க.

புதுசு போடும்போது கிளிசரினோ பாத்திரம் கழுவுற சோப்போ தடவி போடுங்க, பெட்ரோலியம் கிரீஸ் ரப்பரை ஊதவச்சு கெடுக்கும்.

கூலண்ட் ரிஃப்ராக்டோமீட்டர்ல சரியா காட்ட மாட்டேங்குது

இது ரெண்டாவது ரகத்துக்கு. நிறைய பேர் கடல் தண்ணி பக்கத்தை பார்த்துட்டு உள்ள சுத்துற கூலண்ட்டை மறந்துடுவாங்க. வெயில் காலம் முழுக்க மட்டம் குறையும்போதெல்லாம் வெறும் தண்ணிய ஊத்தி ஊத்தி கூலண்ட் நீர்த்துப் போயிருக்கும். எத்திலீன் கிளைக்காலும் தண்ணியும் சரிபாதி இருந்தா மைனஸ் 37 செல்சியஸ் வரைக்கும் தாங்கும். அதிகமா ஊத்தினா அதிக காப்புன்னு நினைச்சு தண்ணியே கலக்காம ஊத்துறதும் தப்பு, கலக்காத எத்திலீன் கிளைக்கால் மைனஸ் 13 பக்கத்துலயே உறைஞ்சுடும், சூட்டையும் சரியா கடத்தாது.

வெந்நீர் டேங்க்கை இன்ஜின் கூலண்ட் வச்சு சூடாக்குற போட்டுல, அளக்கறதுக்கு முன்னாடி இன்ஜினை நல்லா சூடு ஏற ஓட்டுங்க, அந்த நீள ஹோஸ்ல இருக்கிறதும் கலந்து வந்தாத்தான் அளவு உண்மையா இருக்கும். கூலண்ட் மாத்தினாலும் இந்த ஹோஸ்ல காத்து நின்னுக்கும், ரெண்டு மூணு தடவை ஓட்டி ஆறவிட்டு மட்டம் பார்த்து நிரப்பணும். சூடா இருக்கும்போது மூடிய திறக்காதீங்க. பழைய கூலண்ட் எந்த வகைன்னு தெரியாம வேற வகைய மேல ஊத்தாதீங்க, சில வகைகள் ஒத்துக்காம கெட்டியாகி குழாயை அடைச்சுடும்.

சீகாக் கைப்பிடி திரும்பல, இல்ல மூடியும் கசியுது

பந்து வகை சீகாக்கை மூடும்போது பந்தோட ஓட்டைக்குள்ள கொஞ்சம் தண்ணி சிறை ஆயிடும். அந்த கொஞ்சம் தண்ணி உறைஞ்சாலே வால்வோட உடம்பு வெடிக்கும். போட் தரையில இருந்தா சீகாக்கை திறந்து வச்சு, கொஞ்சம் ஆன்டிஃப்ரீஸ் ஊத்திட்டே கைப்பிடிய நாலு தடவை திறந்து மூடி, கடைசியா திறந்த நிலையிலயே விட்டுடுங்க. போட் தண்ணியிலயே இருக்கப் போகுதுன்னா மூடித்தான் ஆகணும், வால்வ்ல டிரெய்ன் பிளக் இருந்தா மூடின பிறகு அதைத் திறந்து உள்ள சிக்கினதை வடிச்சுட்டு திரும்ப போடுங்க. தண்ணியில இருக்கும்போது இறுகிப்போன சீகாக்கோட மல்லுக்கட்டாதீங்க, போட்டை கரையேத்தினதுக்கு அப்புறம் பார்த்துக்கலாம்.

மூடி வச்சீங்கன்னா இன்ஜின் சாவிய அந்த சீகாக் கைப்பிடியிலயே மாட்டி தொங்க விடுங்க. அடுத்த சீசன்ல சாவி எடுக்க வர்றவங்க யாரா இருந்தாலும் சீகாக்கை பார்க்காம ஸ்டார்ட் பண்ண முடியாது.

சீசன் ஆரம்பம், இன்ஜின் ஓடுது, பின்னாடி தண்ணி வரல

உடனே ஆஃப். சீகாக் திறந்திருக்கா, இம்பெல்லரை திரும்ப போட்டீங்களா, ஸ்ட்ரெய்னர்ல தண்ணி தெரியுதா, இந்த வரிசை. கழட்டி வச்ச இம்பெல்லர் கேபின் டிராயர்லயே இருக்கிறது நீங்க நினைக்கிறதை விட அதிகமா நடக்கும், கழட்டும்போதே ஒரு சீட்டு எழுதி சாவியோட கட்டிடுங்க.

தண்ணி வருது ஆனா கம்மியா வருது, வெள்ளையா வருதுன்னா அது ஆவியா புகையான்னு பிரிச்சுப் பாருங்க. ஆவி கொஞ்ச தூரத்துலயே மறைஞ்சுடும், எரியாத டீசல் புகை நின்னு மிதக்கும், வாடையும் அடிக்கும். ஆவின்னா தண்ணி பத்தல, ஸ்ட்ரெய்னர்ல இருந்து ஆரம்பிச்சு மிக்சிங் எல்போ வரைக்கும் ஒவ்வொரு இணைப்பா கழட்டி ஓட்டம் எங்க குறையுதுன்னு தேடணும். எல்போவை கழட்டி உள்ள பார்த்தா கரியும் துருவும் சேர்ந்து விரல் நுழையற அளவுக்கு சுருங்கியிருக்கும், பல வருஷமா யாரும் தொடாத எல்போன்னா நேரா இங்க வாங்க. வென்டட் லூப் மேல இருக்கிற சின்ன வால்வையும் கழட்டி நல்ல தண்ணியில கழுவுங்க, உப்பு அடைச்சு அது வேலை செய்யலைன்னா இன்ஜின் நின்ன பிறகும் கடல் தண்ணி சைஃபன் ஆகி மஃப்ளரை நிரப்பி மறுபடி அந்த சிலிண்டர் கதைதான்.

பம்ப்புக்கு அடியில சொட்டுது

பம்ப் உடம்போட அடியில ஒரு சின்ன ஓட்டை இருக்கும், உள்ள ரெண்டு சீலுக்கும் நடுவுல இருந்து வர்றது. தண்ணி சொட்டினா தண்ணி பக்கத்து சீல் போச்சு, ஆயில் சொட்டினா இன்ஜின் பக்கத்து சீல் போச்சு. சொட்டு தொந்தரவா இருக்குன்னு அந்த ஓட்டைய அடைச்சுடாதீங்க, அப்புறம் உப்புத்தண்ணி பேரிங்குக்கோ ஆயிலுக்கோ போகும். சீல் கிட் வாங்கி மாத்திடுங்க.

கூலண்ட் குறையுது, பில்ஜ்ல (போட்டோட அடிப்பள்ளம்) ஒரு சொட்டு கூட இல்ல

கூலண்ட் வெளிய சிந்தலைன்னா எக்ஸ்சேஞ்சருக்குள்ள குழாய் ஏதாவது பனியில வெடிச்சிருக்கலாம். ஓடும்போது கூலண்ட் பக்கத்துல அழுத்தம் அதிகம், அதனால கூலண்ட் கடல் தண்ணி பக்கத்துக்கு போய் பின்னாடி வெளியேறிடும், கண்ணுக்குத் தெரியாது. எக்ஸ்சேஞ்சரை கழட்டி, கூலண்ட் பக்கத்து ரெண்டு வாயையும் அடைச்சு, சைக்கிள் பம்ப்ல மெதுவா கொஞ்சம் காத்து ஏத்தி தண்ணித் தொட்டியில முக்கினா குமிழி வர்ற குழாய் காட்டிக் கொடுத்துடும். பிரஷர் மூடியில போட்டிருக்கிற அழுத்தத்தைத் தாண்டாதீங்க.

எக்ஸ்சேஞ்சர் நல்லா இருந்து, டிப்ஸ்டிக்ல ஆயில் வெளுத்திருந்தா பிளாக்லயோ ஹெட்லயோ வெடிப்பு இருக்க வாய்ப்பு, ஹெட் கேஸ்கெட்டாவும் இருக்கலாம், இன்ஜினை ஓட்டாம மெக்கானிக்கை கூப்பிட்டு பிரஷர் டெஸ்ட் பண்ணச் சொல்லுங்க. பிளாக் பக்கவாட்டுல இருக்கிற வட்ட மூடி, ஃப்ரீஸ் பிளக்னு சொல்வாங்க, அது உறையும்போது தானா வெளிய தள்ளிக்கிட்டு பிளாக்கை காப்பாத்தும்னு நம்பி இருக்காதீங்க, அது வார்ப்புல மண் எடுக்கறதுக்காக விட்ட ஓட்டைய மூடினது, தள்ளியும் வரலாம், அது அப்படியே இருக்க பிளாக் பிளந்தும் போகலாம். தள்ளி வந்திருக்கிறதைப் பார்த்தா புதுசு அடிச்சு முடிச்சுடாம சுத்தி முழுக்க சுத்தமா துடைச்சு டார்ச் அடிச்சு வெடிப்பு தேடுங்க, மேனிஃபோல்டுக்கு அடியிலயும் சேர்த்து.

இன்ஜின் ஆயில் சுத்தமா இருந்து கியர்பாக்ஸ் ஆயில் மட்டும் வெளுத்திருந்தா கியர்பாக்ஸ் ஆயில் கூலர்தான் போயிருக்கு. கூலரை மாத்திட்டு, கியர் ஆயிலை மாத்தி பத்து நிமிஷம் ஓட்டி, திரும்ப வடிச்சு பாருங்க, நிறம் தெளியற வரைக்கும் இதையே செய்யணும்.